ஐந்து துளை, அரை அங்குலம்

பழைய ஜீப்பை விலை பேச வருகிறவர்கள் இன்ஜினைக் கேட்பார்கள், கியர் பாக்ஸைக் கேட்பார்கள், பாடியில் எவ்வளவு துரு என்று தட்டிப் பார்ப்பார்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஐந்து போல்ட்டைக் குனிந்து பார்ப்பவர் அபூர்வம். நான் போடிநாயக்கனூரில் ஆக்சில் வேலையும் லேத்து வேலையும் பார்த்துக் குடும்பம் நடத்தியவன். வண்டி எந்தக் காலத்தது, நடுவில் எந்த ஆக்சில் மாறி ஏறியது, யாராவது கை வைத்துக் கெடுத்திருக்கிறார்களா என்பதை எல்லாம் எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தவை அந்தப் போல்ட்டுகள்தாம்.

எங்கள் பக்கம் ஜீப் ஆசைக்கு வைத்துக்கொள்ளும் வண்டியல்ல. விடியுமுன்னே போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூரிலிருந்து ஏலத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போகிறவர்கள் ஜீப்பில்தான் மலையேறுகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிறார்கள். தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களைச் சுமந்துகொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும் வண்டியில் ஒரு சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இந்தப் போல்ட்டின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். இன்று பட்டறையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு அந்த வரலாற்றில் விடை இருக்கிறது.

ஐந்தரை அங்குல வட்டத்தில் ஐந்து துளை. அதில் அரை அங்குல போல்ட், இரும்புக் கடையில் நாலு நூல் என்று கேட்டு வாங்குவது. அங்குலத்துக்கு இருபது மரை. பழைய ஜீப்பின் கணக்கு இதுதான். வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொன்னால் 139.7. பட்டறையில் இதற்குப் பிசிடி என்று பெயர். ஜீப் பிறப்பதற்கு முன்பே இந்த அளவு அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்தது. 1927-ன் இறுதியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ வண்டியில் ஐந்தரை அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட்தான். 1936-ல் ஃபோர்டு தன் கார்களுக்குப் பத்தேகால் அங்குல அகல வட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கு வருஷத்தில் அதைக் கைவிட்டு, 1940-ல் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. அதற்கப்புறம் அதன் அரை டன் பிக்கப்புகள் 1996 வரை அந்த வட்டத்தை விடவில்லை.

1940 கோடையில் அமெரிக்க ராணுவம் சின்னதாக, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பென்சில்வேனியாவின் பட்லர் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறு கம்பெனிக்காகக் கார்ல் ப்ரோப்ஸ்ட் வரைபடம் போட்டார். முதல் வண்டி செப்டம்பர் 23-ந் தேதி ஹோலபர்ட் முகாமில் போய் நின்றது. அவ்வளவு குறுகிய அவகாசத்தில் புதிதாக ஆக்சில் வார்க்க நேரம் ஏது? ஸ்பைசர் கம்பெனி ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காருக்குச் செய்துகொண்டிருந்த ஆக்சிலைத் திருத்திப் பொருத்தினார்கள். ஜீப்பின் ஆக்சில் இப்படி ஒரு குடும்பக் காரிலிருந்து வந்தது. பின்னால் பெரிய ஆர்டர் பிடித்த வில்லிஸ் கம்பெனியும் ஸ்பைசரும் ஒஹாயோவின் டோலிடோ நகரத்தில்தான் இருந்தன. அந்த ஸ்பைசர் 1946-ல் டானா என்று பெயர் மாற்றிக்கொண்டது. ‘டானா 44’ என்று நம் ஆட்கள் சொல்வது அந்தப் பெயரைத்தான்.

போரின் தேவைக்கு வில்லிஸ் ஒருவரால் மட்டும் செய்து கொடுக்க முடியவில்லை. ஆகவே ஃபோர்டும் அதே வண்டியைச் செய்ய வேண்டும், ஒன்றின் உதிரி மற்றதில் அப்படியே உட்கார வேண்டும் என்று ராணுவம் நிபந்தனை போட்டது. வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற இரண்டு பெயரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்தன. ஃபோர்டு தான் செய்த பாகங்களில், போல்ட் தலையில்கூட, ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. இரண்டு கம்பெனியின் வண்டியும் ஒரே ஐந்து துளையில் ஒரே சக்கரத்தை ஏற்றுக்கொண்டன. ‘ஜீப்புன்னா எல்லாம் ஒண்ணுதான், எந்த வீலும் எந்த ஆக்சிலும் சேரும்’ என்ற நம்பிக்கை அங்கே வேர்விட்டது. போர்க்கால வண்டிக்கு அது முழு உண்மை. அதற்குப் பிந்தைய வண்டிக்கு அது அரை உண்மை. அந்த அரை உண்மையால் கெட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இடமரையைப் பார்ப்போம். எம்பி ஜீப்பின் இடப்பக்கச் சக்கரங்களில் மரை எதிர்ப்பக்கம் ஓடும். வலப்பக்க நட்டை முறுக்குகிற திசையில் சுற்றினால் இடப்பக்க நட்டு கழலும். போல்ட்டின் நுனியில் ‘எல்’ என்று பொறித்திருக்கும். துருவும் பெயிண்டும் மூடிவிட்டால் அந்த எழுத்து தெரியாது. ஒரு தடவை இடப்பக்க முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு ஒரு டிரைவர் பையன் வீல் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நட்டு துருப்பிடிச்சு ஒட்டிக்கிருச்சு. வெல்டிங் கட்டர் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

“இறங்குப்பா கீழ. போல்ட் நுனிய கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுப் பாரு.”

தேய்த்தான். எழுத்து தெரிந்தது. அதற்குள் பக்கத்து போல்ட் ஒன்று முறுக்கில் அறுந்து போயிருந்தது.

ஏன் இந்த ஏற்பாடு? நட்டின் கூம்பு முனை, சக்கரத்தின் டிஸ்க்கில் இருக்கும் கூம்புக் குழியில் போய் உட்காருகிறது. நட்டு இறுக்கமாக இல்லாவிட்டால் குழிக்கும் கூம்புக்கும் நடுவே இம்மியளவு இடைவெளி விழும். வண்டியின் பாரம் கீழ்நோக்கி அழுத்த, சக்கரம் சுற்றச் சுற்ற, அந்தக் குழிக்குள் நட்டு மிக மெதுவாக உருளும். எந்தத் திசையில் என்றால், வெளியே நின்று பார்ப்பவருக்குச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே. வண்டி முன்னே போகையில் இடப்பக்கச் சக்கரம் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். சாதாரண வலமரை அவிழ்வதும் அந்தத் திசைதான். எனவே இடப்பக்கத்துக்கு இடமரை வைத்தார்கள். தளர்ந்த நட்டும் அவிழாமல் இறுகப் பார்க்கும். உங்கள் வீட்டுச் சைக்கிளின் இடது பெடலைக் கழற்றிப் பாருங்கள். அதுவும் இடமரைதான், காரணமும் இதே இனத்தைச் சேர்ந்தது.

சரியாக முறுக்கிய நட்டில் இந்த உருளலுக்கே இடமில்லை என்று சொல்லி ஒவ்வொரு கம்பெனியாக இடமரையை விட்டன. டாட்ஜ் 1970கள் வரை வைத்திருந்தது. செலவு மிச்சம், குழப்பமும் குறைவு என்பது அவர்கள் வாதம். ஆனால் பிரிட்டனில் லாரிகளுக்கு இருபக்கமும் வலமரை வந்த பிறகு, கழன்று ஓடிய சக்கரங்களில் இடப்பக்கப் பின்சக்கரங்களே மிகுதி என்று தெரியவந்தது. பழைய ஆட்கள் மூடநம்பிக்கையில் இடமரை போடவில்லை. உங்கள் வண்டியில் இடமரை இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒரே ஹப்பில் இரண்டு வலமரை, மூன்று இடமரை என்று கலந்து கட்டிய வண்டிகளும் பட்டறைக்கு வந்ததுண்டு. அதைப் போல ஆபத்து வேறில்லை. இருட்டில் ஸ்டெப்னி மாற்றுகிறவன் எதை இறுக்கினான், எதை அவிழ்த்தான் என்று அவனுக்கே தெரியாது.

போல்ட் மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்றைய வண்டியில் போல்ட்டைப் பின்னாலிருந்து அழுத்தி இறக்கியிருப்பார்கள், தட்டினால் வந்துவிடும். பழைய ஜீப்பில் போல்ட் ஹப்பையும் டிரம்மையும் ஊடுருவி வந்து, டிரம்மின் முகப்பில் அதன் தோள் நசுக்கி விரிக்கப்பட்டிருக்கும். ஹப்பும் டிரம்மும் பிரியாமல் பிடித்திருப்பதே அந்த விரிந்த தோள்தான். இதை அறியாமல் சம்மட்டியால் அடித்து வெளியேற்றினால், விரிந்த உலோகம் துளை வழியே கிழித்துக்கொண்டு வரும். வட்டத் துளை முட்டை வடிவமாகும். அப்புறம் எவ்வளவு நல்ல போல்ட் போட்டாலும் அது அந்தத் துளையில் சுற்றிக்கொண்டேயிருக்கும். நட்டை முறுக்கும்போது போல்ட்டும் கூடவே திரும்பும்.

சரியான வழி எங்கள் மேஸ்திரி காட்டியது. ஹப்பை லேத்தில் பிடித்து, அல்லது போல்ட்டைச் சுற்றி உட்காரும் குழாய் வடிவக் கட்டரை டிரில் மெஷினில் மாட்டி, விரிந்த தோளை மட்டும் சீவி எடுக்க வேண்டும். பளபளவென்று ஒரு மெல்லிய வளையம் சுருண்டு கழன்று விழும். அதற்குப் பிறகு பிரஸ்ஸில் வைத்தால் போல்ட் சத்தமில்லாமல் இறங்கும், துளையில் ஒரு கீறல் இருக்காது. ஒரு ஹப்புக்கு அரை நாள் வேலை. சம்மட்டிக்காரன் கால் மணியில் முடித்துவிடுவான். கூலி கொடுப்பவருக்கு இரண்டின் வித்தியாசத்தைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

அடுத்து ஆக்சில். போர் முடிந்ததும் வில்லிஸ் 1945-லேயே விவசாயிகளுக்கான ஜீப்பைக் கொண்டுவந்தது, சிஜே-2ஏ. ஏர் இழுக்க வேண்டும் என்பதற்காகக் கிரவுன் பினியனை மாற்றினார்கள். போர்க்கால எம்பியில் கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல், 4.88 விகிதம். சிஜேயில் 43-க்கு 8, 5.38 விகிதம். வெளியே பார்த்தால் அதே ஹவுசிங், அதே ஐந்து துளை, அதே நாலு நூல் போல்ட்.

இங்கேதான் ஏலத்தில் எடுத்த மிலிட்டரி வண்டிகளின் உதிரி வினையாகிறது. சிஜேயின் முன் ஆக்சில் உடைந்தால் பழைய இரும்புக் கடையிலிருந்து எம்பி ஆக்சில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். சக்கரம் அருமையாக உட்காரும். டூ வீலில் ஓட்டும்வரை ஒரு குறையும் தெரியாது. மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதையில் ஃபோர் வீல் போட்டவுடன் முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று மல்லுக்கட்டும். ஒரே டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து இரண்டு பிரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்ற, சக்கரங்களோ பத்தில் ஒரு பங்கு வேக வித்தியாசத்தில் சுற்றப் பார்க்கும். சேற்றில் வழுக்கிச் சமாளிக்கும்; கெட்டித் தரையில் வழுக்க இடமில்லாமல் பல் உடையும், ஷாஃப்ட் முறுக்கும். ‘ஃபோர் வீல் போட்டா வண்டி இழுக்க மாட்டேங்குது’ என்று வந்த வண்டிகளில் கிரவுன் பல்லை எண்ணிப் பார்த்து, காரணத்தை அங்கேயே கண்டுபிடித்திருக்கிறோம்.

பின் ஆக்சிலில் இன்னும் பெரிய வித்தியாசம். எம்பியின் பின் ஆக்சிலில் வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஹவுசிங்கின் முனையும் அதன்மேல் சுற்றும் ஹப் பேரிங்கும். உள்ளே ஓடும் ஷாஃப்ட் சக்கரத்தைத் திருப்புவதோடு சரி. ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். 1953-ல் வந்த சிஜே-3பியில் அப்படியல்ல. அதன் டானா 44-ல் ஷாஃப்டே பாரத்தைச் சுமக்கிறது. ஷாஃப்ட் முனை கூம்பாக இருக்கும். அதன்மேல் ஹப் ஏறி, ஒரு சாவியும் ஒரு பெரிய நட்டும் அதைப் பிடித்திருக்கும். அந்த நட்டு தளர்ந்தால் சாவி வெட்டும், கூம்பு தேயும். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் டிரம்மோடு வெளியே வந்துவிடும். ஐந்து துளையைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று சொல்பவரிடம் நான் இந்த இரண்டு ஷாஃப்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். கூம்பு ஹப்பைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். ஷாஃப்ட் முனையில் சம்மட்டியால் அடித்தால் அந்த அடி உள்ளே பேரிங்கிலும் டிஃப்பரன்ஷியலிலும் போய் இறங்கும்.

அந்த சிஜே-3பிதான் நம் நாட்டு ஜீப்பின் மூதாதை. 1945-ல் மகீந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய கம்பெனியின் கூட்டாளி குலாம் முகமது, பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் கம்பெனி மகீந்திரா அண்ட் மகீந்திரா ஆனது. பம்பாய் மஜ்காவில் வில்லிஸின் பாகங்களைக் கோத்து ஜீப் செய்யத் தொடங்கினார்கள். பின் லைசென்ஸ் வாங்கி இங்கேயே உற்பத்தி செய்தார்கள். உயரமான பானெட் வைத்த அந்த வண்டியை அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். அங்கே மொத்தம் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. இங்கே அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே முகத்தோடு வந்துகொண்டிருந்தது. டோலிடோவில் கிடைக்காத உதிரி தேனியில் கிடைத்த காலம் உண்டு என்று நான் பெருமையாகவே சொல்வேன்.

அமெரிக்கப் பிக்கப்புகளின் கதையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், நம் குழப்பம் நமக்கு மட்டுமானதல்ல என்று தெரிய. அங்கே அரை டன் வண்டியில் ஃபோர்டுக்கு ஐந்தரை அங்குலத்தில் ஐந்து துளை. ஷெவர்லேயின் டூ வீல் வண்டிக்கு 1970 வரை அதே ஐந்தரையில் ஆறு துளை, 1971-ல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தபோது ஐந்து அங்குலத்தில் ஐந்து துளை. முக்கால் டன்னுக்கு மேலே போனால் ஃபோர்டு, ஷெவர்லே, டாட்ஜ் மூவருக்கும் ஆறரை அங்குலத்தில் எட்டுத் துளை என்ற ஒற்றுமை நெடுங்காலம் இருந்தது. அந்த ஒற்றுமையிலும் ஒரு பொறி. ஒருவர் அங்குல மரையில் ஒன்பதில் பதினாறு போல்ட் வைத்தார். மற்றவர் 14 மில்லிமீட்டருக்குப் போனார். 1999-ல் ஃபோர்டு தன் பெரிய பிக்கப்புகளுக்கு 170 மில்லிமீட்டர் வட்டம் வைத்ததோடு அந்த ஒற்றுமையும் முடிந்தது.

நம் ஊரில் இதே பொறி 1985-ல் மாருதி ஜிப்ஸியோடு வந்தது. சுசுகியின் வண்டி அது. ஆனாலும் 139.7 மில்லிமீட்டரில் ஐந்து துளை, ஜீப்பின் வட்டமேதான். ஜீப்காரர்கள் ஜிப்ஸி டிஸ்க்கைத் தேடி வாங்கினார்கள், ஜிப்ஸிக்காரர்கள் ஜீப் டிஸ்க்கை. டிஸ்க்கோடு நட்டும் கைமாறியது, தொல்லை நட்டில்தான். ஜீப்பின் அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.27. ஜிப்ஸியின் போல்ட் 12 மில்லிமீட்டர். மரை இடைவெளி 1.25. இடைவெளி கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஜீப் நட்டு ஜிப்ஸி போல்ட்டில் விரலாலேயே சுகமாக ஏறும். ஆனால் போல்ட் ஒல்லி. மரையும் மரையும் கவ்விப் பிடிக்கும் ஆழம், இருக்க வேண்டியதில் பாதிகூட இராது. ஸ்பேனரில் இறுக்கும்போது முதலில் பிடித்ததுபோல் காட்டும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் மரை வழித்துக்கொண்டு போகும். வழித்துப்போனால் நல்லது, அங்கேயே தெரிந்துவிடும். வழியாமல் பாதிப் பிடியில் மலைக்குப் போன வண்டிதான் பயமுறுத்துகிறது. அப்படி ஒரு வண்டி, வேறு ஊர்ப் பட்டறை ஒன்றில் டிஸ்க் மாற்றிக்கொண்டு வந்து, எங்கள் ஊருக்குள் நுழையும்போது பின்சக்கரம் ஆடி நின்றது. ஐந்து நட்டில் மூன்று அந்த வகை. மெட்டில் ஆடியிருந்தால் என்ன கதி என்று நினைக்கவே முடியவில்லை.

நட்டு விரலால் சுகமாக ஏறுவதைச் சரியான நட்டு என்பதற்கு அத்தாட்சியாக எடுக்காதீர்கள். நட்டைப் பாதி ஏற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்றால் அது அந்தப் போல்ட்டுக்குப் பிறந்ததல்ல. வெர்னியரும் மரை அளக்கும் பிட்ச் கேஜும் பெரிய விலையில்லை. வீல் வேலை பார்க்கும் எந்தப் பட்டறையும் அவை இல்லாமல் இருக்கக் கூடாது.

பழைய ஜீப்புக்கு ஆக்சில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். பல் எண்ண ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. வண்டியில் இருக்கும் ஆக்சில் என்றால் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். பின்சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரிலும் பிரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தை முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் அது 39-க்கு 8. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போனால் 43-க்கு 8. தனியாகக் கிடக்கும் ஆக்சிலிலும் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இதேபோல் சுற்றலாம். முன்னதும் பின்னதும் ஒத்துப்போகாவிட்டால், துளை எவ்வளவு அழகாகச் சேர்ந்தாலும், அந்த ஆக்சிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.